இரவல் விரல்

இவனை இந்த வளைவிலேயே தள்ளிவிட்டால் என்ன. ஒரு தள்ளு போதும். என் வலது கையில் கம்பு, எனக்கு அரையடி முன்னால் இவன் முதுகு, இவனுக்கு இடப்பக்கம் பள்ளம், பள்ளத்தின் அடியில் ஆறு நுரை கக்கிக்கொண்டு ஓடுகிறது. விழுந்தால் எலும்பு பொறுக்கக்கூட ஆள் இறங்க முடியாது. அர்த்தநாரி. என் பெண்டாட்டி தெய்வானையின் தம்பி. எங்கள் ஊர் கணபதியில் என் பட்டறையில் பதினொரு வருஷமாக லேத் ஓட்டுகிறவன். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவன், இன்று காலை ஏழு மணிக்கு, கூடாரத்து வாசலில், அத்தனை பேர் முன்னாலும் என்னைக் காட்டிக்கொடுத்தான். நெற்றியில் துண்டைச் சுற்றிக் கட்டியிருக்கிறான், துண்டில் ரத்தம் காய்ந்து கறுத்திருக்கிறது. நான் அடித்த அடி. காட்டிக்கொடுத்துவிட்டு நின்றவனை இதே கம்பால் ஒன்று போட்டேன். வாயைத்தான் குறிவைத்தேன், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்ததால் புருவத்தில் விழுந்தது. இன்னொன்று போடுவதற்குள் நாலு பேர் என்னை அமுக்கிவிட்டார்கள். அடி வாங்கினவன் என்ன செய்தான்? ரத்தத்தைத் துடைத்தான், பையிலிருந்து காவி வேட்டியை எடுத்துக் கயிறாக முறுக்கினான், ஒரு முனையை என் இடுப்பில் கட்டினான், மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டினான். "வாங்க மாமா, கீழ போலாம்" என்றான். சந்தைக்கு ஆட்டை இழுத்துப்போகிற மாதிரி என்னை இழுத்துப்போகிறான். ஆடாவது கத்தும். எனக்குக் கத்தினால் தலை பிளக்கிறது. தலைக்குள் யாரோ லேத்தைப் போட்டுவிட்டு நிறுத்தாமல் போய்விட்டான். இரும்பை இரும்பு தின்கிற சத்தம். நிறுத்துடா. யார் அந்தச் சுவிட்சைப் போட்டது. எல்லாம் இவன்தான்.

முப்பதடி முன்னால் நேகி போகிறான், எங்கள் வழிகாட்டி, மற்றவர்களைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டு, எங்கள் இரண்டு பேர் பையையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டு. நாலெட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான். "பானி, பானி" என்று கத்துகிறான். உடனே அர்த்தநாரி நின்று பாட்டிலை என் வாயில் திணிக்கிறான். குடித்தால் குமட்டுகிறது. குடிக்காவிட்டால் விடமாட்டான். அவன் முகத்தில் துப்பினேன். துடைத்துக்கொண்டு மறுபடி திணித்தான். நேகியின் ஆள் ஒருவன் அப்போதே எங்களுக்கு முன்னால் கீழே ஓடிவிட்டான், பாலத்தடி முகாமிலிருந்து ஆக்சிஜன் உருளையும் ஒரு கோவேறு கழுதையும் கொண்டுவர. கழுதை! சென்னியப்பனுக்குக் கழுதை! இந்த வடக்கு மலையில் இருப்பதிலேயே உயரமான கணவாயைத் தொட வந்தவன், இன்னும் ஒரே நாள், ஒரே ஒரு நாள் பாக்கி, என்னைக் கழுதைமேல் போட்டுக் கீழே கொண்டுபோகப் போகிறார்களாம். இந்த நேகி முதல் நாளே ஆரம்பித்துவிட்டான். மெதுவாக நட. நாலு லிட்டர் தண்ணீர் குடி. பிராந்தி கூடாது. தூக்க மாத்திரை கூடாது. தலை வலித்தால் மறைக்காமல் சொல். பன்னிரண்டாயிரம் அடியில் ஒரு நாள் சும்மா தங்கு, உடம்பு பழகட்டும். சும்மா உட்காரவா இரண்டு நாள் ரயிலேறி வந்தோம் என்று கேட்டேன். என் கூட்டம் ஆறு பேரும் என் பின்னால் நின்றார்கள், நான் சொன்னால் நிற்பார்கள். நேகி தலையில் அடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டான், ஆனால் ஒரு நிபந்தனை போட்டான், காலையும் மாலையும் விரலைக் காட்ட வேண்டும். துணி காயப்போடுகிற கிளிப் மாதிரி ஒன்று வைத்திருக்கிறான். விரலில் மாட்டினால் ரத்தத்தில் எவ்வளவு காற்று இருக்கிறதென்று எண் காட்டும். எண் இறங்கினால் ஆளையும் இறக்கிவிடுவான். எனக்கு அன்றைக்கே தலையில் ஆணி அடிக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு வலி மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை, மேலுக்கு ஒரு மூடி பிராந்தி. குளிருக்குப் பயந்து எல்லோரும் கூடாரத்துக்குள்ளிருந்து கையை மட்டும்தான் நீட்டுவார்கள், நேகி வெளியே குந்தியிருந்து ஒவ்வொரு கையாகக் கிளிப்பை மாட்டுவான். எங்கள் கூடாரத்திலிருந்து இரண்டு கை வெளியே போனது. ஒன்று அர்த்தநாரியின் வலது கை. இன்னொன்று அர்த்தநாரியின் இடது கை. எண்பத்தெட்டு, எண்பத்தேழு. "சபாஷ் மாமாஜி" என்றான் நேகி, நான் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு இருமினேன். மூன்று வேளை இப்படி ஓடியது. மூன்று வேளையும் கையைக் கொடுத்தவன்தானே இவன்? இன்று காலை மட்டும் என்ன கேடு வந்தது? நான் ஷூவைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கால்மணி நேரம் கயிறு தேடினேனாம், அவனைத் தெய்வானை என்று கூப்பிட்டேனாம். கூப்பிட்டால் என்ன? அக்கா முகந்தானே அவனுக்கு. பீகார்ப் பையன்களோடு வேலை செய்து கற்றுக்கொண்ட ஹிந்தியில் நேகியிடம் சொன்னான், அவர் விரல் இல்லை, இரண்டும் என் விரல் என்று. நேகி கம்பால் தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலை விரல்மேல் ஒட்டவைத்து நட என்றான். போலீஸ்காரன் குடிகாரனை நடக்கவிடுகிற மாதிரி. மூன்றாவது எட்டில் தரை எழுந்துவந்து என் முகத்தில் அடித்தது.

தரைதான் அடித்தது. நான் விழவில்லை. நான் விழமாட்டேன். வெள்ளியங்கிரி ஏழு மலையும் பதினாலு வருஷம் செருப்பில்லாமல் ஏறியிருக்கிறேன். அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் கம்பு இது, வருஷத்துக்கு ஒரு வெட்டு, பதினாலு வெட்டு. ஏழாவது மலைக் காற்றில் ஆளே பறக்கிற மாதிரி இருக்கும், நான் இதை ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறேன். என் கூட்டத்துக்கு நான் போட்ட சட்டம் ஒன்று உண்டு. 'முடியல' என்கிற வார்த்தை மலையில் யார் வாயிலும் வரக்கூடாது. வந்தால் அத்தனை பேர் காலிலும் விழ வேண்டும், அடுத்த வருஷம் அவன் வரக்கூடாது. பதினாலு வருஷத்தில் இரண்டு பேரைத் தள்ளிவைத்தேன். ஒருத்தன் என் சொந்தச் சித்தப்பா மகன், மூச்சு வாங்குகிறது, முடியல என்றான், காலில் விழவைத்தேன். அந்த ஆள் அழுதுகொண்டே விழுந்தான். அது ஆறாயிரம் அடி. இது பதினாலாயிரம். ஆறுக்கும் பதினாலுக்கும் என்ன வித்தியாசம், எட்டு. எட்டுதானா? எட்டு. எண் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது எனக்கு. அளவு என்றால் சென்னியப்பன். அளவு பொய் சொல்லாது என்று பட்டறைச் சுவரில் எழுதி வைத்தவன் நான். நாற்பத்தேழு புள்ளி. பம்ப் கூட்டுக்குத் துளை அளவு நாற்பத்தேழு புள்ளி. புள்ளிக்கு அப்புறம் என்ன? நாற்பத்தேழு புள்ளி. இவனை அறைந்தேனே அன்றைக்கு, அந்த அளவு. துளை பெரிதாகப் போய் நாற்பது பம்ப் கூடும் பழைய இரும்பாகிப் போச்சு. ஆறு ஆள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்க, இவன் கன்னத்தில் விட்டேன், கண்ணாடி பறந்துபோய் எண்ணெய்த் தொட்டியில் விழுந்தது. எண்ணெய்க்குள் கைவிட்டு எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி லேத்தில் போய் நின்றான். அப்போதும் பேசவில்லை. பேசாத ஆளைக் கண்டால் எனக்கு அடிக்கத்தான் தோன்றுகிறது. நாற்பத்தேழு புள்ளி. ஒரு எட்டு, இரண்டு எட்டு. புள்ளிக்கு அப்புறம் இருக்கிற இரண்டு எண்ணையும் யாரோ பிடுங்கி எறிந்துவிட்டார்கள். இவனைக் கேட்டால் தெரியும். இவனைக் கேட்பதற்கு நான் பள்ளத்தில் குதிக்கலாம்.

இருமுகிறேன், வாயில் நுரை வருகிறது, நுரை இளஞ்சிவப்பாக இருக்கிறது. நல்ல நிறம். இவன் திரும்பி அதைப் பார்க்கிறான், பார்த்துவிட்டு முகம் வெளுக்கிறான், "இன்னங் கொஞ்சந்தான் மாமா, கால மட்டும் எடுத்து வெய்யிங்க, மத்தத நாம் பாத்துக்கறேன்" என்கிறான். நீ பார்த்துக்கொள்வாயா? என் அப்பனே என்னைப் பார்த்துக்கொள்ளவில்லை. பட்டறைப் பெல்ட்டைக் கழற்றி முதுகுத்தோலை உரித்தவர் அவர், மிஷின் ஓடுகிற சூடு அப்படியே பெல்ட்டில் இருக்கும், அடி விழுவதற்கு முன்னாலேயே சுடும். முடியலப்பா என்று ஒரு தடவை சொன்னேன். ஒரே தடவை. அதற்குப் பிறகு விழுந்த அடி முன்னால் விழுந்ததைவிட இரண்டு பங்கு. அன்றைக்குப் புரிந்துகொண்டேன், அந்த வார்த்தைதான் அடியைக் கூப்பிடுகிறது. இவனும் என்னை அடிக்கத்தான் கூட்டிக்கொண்டு போகிறான். கீழே கூட்டிப்போய்க் கட்டிவைத்து, பதினொரு வருஷத்துக்கும் சேர்த்து. அதுதான் கயிறு கட்டியிருக்கிறான். நேகியும் கூட்டு. தண்ணீரில் எதையோ கலந்து கொடுக்கிறார்கள், அதுதான் கால் கோணுகிறது. எவ்வளவு நல்லவனாக நடிக்கிறான் பார், பாதை முழுக்க அகலம் இருந்தும் பள்ளத்து ஓரமாகவே நடக்கிறான். நான் இடப்பக்கம் சாய்ந்தால் அவன் தோளில்தான் முட்டுகிறேன். அவனாகவே போய் ஓரத்தில் நிற்கிறான், முட்டாள், விழுவதற்கு வாகாக. அடுத்த வளைவு வருகிறது. நேகி வளைவைத் தாண்டி மறைந்துவிட்டான். கம்பின் முனையில் இரும்புப் பூண் இருக்கிறது, நானே கடைந்து போட்டது. முதுகுத்தண்டுக்கு நேராக வைத்தால் சத்தமே வராது. தெய்வானையிடம் என்ன சொல்ல? கல் வழுக்கிவிட்டது என்று சொல்லலாம். மலையில் கல் வழுக்கும். தெய்வானை நம்புவாள். நம்பாவிட்டாலும் பேசமாட்டாள், அந்தக் குடும்பமே பேசாது. இப்போது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இப்போது. குத்தினேன்.

அவன் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. கால் காற்றில் போனது, கல் சரசரவென்று இறங்கியது, அதே நொடி என் இடுப்பை ஒரு பேய் பிடித்து இழுத்தது. வேட்டி. வேட்டியை மறந்துவிட்டேன். முகங்குப்புற விழுந்து இழுபட்டுப் போகிறேன், முழங்கை தோல் உரிகிறது, பல் கல்லில் மோதுகிறது, ஆறு என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து வைத்திருக்கிறது. என்னைக் கொன்றுவிட்டான். இல்லை, நான். யார்? விளிம்புக்குக் கீழே ஒரு கை புல்லைப் பற்றிக்கொண்டிருக்கிறது, புல் வேரோடு வருகிறது, கையை மாற்றுகிறது, இன்னொரு புல். அந்தக் கை. கூடாரத்திலிருந்து மூன்று வேளையும் எனக்காக வெளியே போன கை. அதன் பெருவிரலில் லேத் தின்ற தழும்பு இருக்கிறது. "மாமா உக்காருங்க! கல்லுக்குக் காலக் குடுத்து உக்காருங்க மாமா! இல்லீன்னா நீங்களும் வந்துருவீங்க!" தன்னைத் தூக்கு என்று அவன் கத்தவில்லை. என்னை உட்காரச் சொல்லிக் கத்துகிறான். என் உடம்பு அவன் பேச்சைக் கேட்டது. நான் கேட்கவில்லை, உடம்பு கேட்டது. புரண்டு உட்கார்ந்து இரண்டு குதிகாலையும் ஒரு பாறையில் ஊன்றினேன், பாறை அசைந்தது, நின்றது. வேட்டி என் வயிற்றை இரண்டாக அறுக்கிறது. தூக்கவெல்லாம் எனக்குத் தெம்பில்லை, கனமாக உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். நேகி பையை எறிந்துவிட்டு ஓடிவந்தான், குப்புறப் படுத்து அவன் அக்குளில் கைகொடுத்து இழுத்தான். மேலே வந்து விழுந்த அர்த்தநாரிக்குப் புருவக் காயம் மறுபடி திறந்துகொண்டு கண்ணெல்லாம் ரத்தம். என்ன ஆயிற்று என்று நேகி கேட்டான், கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தான், என் கையில் கம்பு இருந்தது. "பத்தர் ஃபிசல் கயா" என்றான் அர்த்தநாரி. கல் வழுக்கிவிட்டதாம். தெய்வானையிடம் நான் சொல்ல வைத்திருந்த அதே பொய். நேகி வேட்டியைக் காட்டித் திட்டினான், இப்படிக் கட்டினால் இரண்டு பிணமாகும், அவிழ் என்றான். அர்த்தநாரி மூச்சு வாங்கிக்கொண்டே முடிச்சை இன்னும் இறுக்கினான். பிறகு எழுந்து மறுபடியும் பள்ளத்துப் பக்கமாகப் போய் நின்றுகொண்டான்.

அதற்கப்புறம் எவ்வளவு நடந்தோம் என்று தெரியவில்லை. இறங்கினோம், இறங்கினோம், இறங்குவதைத் தவிர உலகத்தில் வேறு வேலையில்லை. முதல் புதர் வந்தது, இடுப்புயரம், அதைப் பார்த்து நாய் என்று நினைத்துக் கம்பை ஓங்கினேன். அடுத்த புதரைப் புதர் என்றே கண்டேன். அப்புறம் ஒரு மரம், நிஜமான மரம், பட்டை வெள்ளையாக உரிந்து தொங்கியது. மரத்தடியில் நிறுத்தி ஒன்றுக்குப் போகவைத்தான், விழாமல் பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் கவனித்தேன், தலைக்குள் ஓடிய லேத்தின் சத்தம் கொஞ்சம் அடங்கியிருந்தது. யாரோ வேகத்தைக் குறைத்திருந்தார்கள். இரண்டு அர்த்தநாரியாகத் தெரிந்தவன் ஒரே அர்த்தநாரியாக ஆனான். வலி போகவில்லை, ஆனால் வலிக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன, கரண்ட் வந்தவுடன் வீட்டில் ஒவ்வொரு விளக்காக எரிகிற மாதிரி. எரிய வேண்டாம். எரிவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. இது இடது பக்கம், அது பள்ளம். நான் இடது பக்கமாகவே சாய்கிறேன், காலையிலிருந்து. ஒவ்வொரு தரம் சாயும்போதும் அங்கே ஒரு தோள் இருந்தது. வாகாக நிற்கிறான் என்று நினைத்தேனே. பள்ளத்துக்கும் எனக்கும் நடுவில் அவன் தன்னை வைத்துக்கொண்டு நடந்திருக்கிறான், புருவத்தைப் பிளந்தவனுக்காக, குத்தித் தள்ளினவனுக்காக. தள்ளினேன். கல் வழுக்கவில்லை. நான் தள்ளினேன். ஒரு எட்டு வைத்தால் தள்ளினேன், அடுத்த எட்டு வைத்தால் தள்ளினேன். நோய்தான் தள்ளியது என்று சொல்லிப் பார்க்கிறேன், ஒட்டவில்லை, கணபதிப் பட்டறையில் என்ன நோய் இருந்தது எனக்கு? அங்கே காற்று நிறைய இருந்தது. அப்போதுதான் அந்த எண் வந்து விழுந்தது, கேட்காமலே. நாற்பத்தேழு புள்ளி இரண்டு ஐந்து. வரைபடத்தில் இருந்தது அது. நான் வாசித்துச் சொன்னது நாற்பத்தேழு புள்ளி ஐந்து இரண்டு. நான் சொன்னபடிதான் அவன் கடைந்தான். மறுநாள் காலை வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். ஆறு வருஷமாகிறது.

பாலம் தெரிந்தது. இரண்டு முழு மரத்தைப் போட்டுக் கட்டிய பாலம், அந்தப் பக்கம் கழுதை ஒன்று எங்களைப் பார்த்துக் காதை ஆட்டியது, பக்கத்தில் நேகியின் ஆள் பச்சை உருளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். பாலத்தைத் தாண்டியதும் நேகி என்னை ஒரு கல்மேல் உட்கார வைத்துக் கிளிப்பை எடுத்தான். எடுத்துவிட்டு முதலில் அர்த்தநாரியை முறைத்தான், அப்புறம் என் கையைத் தானே பிடித்து இழுத்து, உள்ளங்கையைத் திருப்பி, இது யார் கை என்று பார்க்கிற மாதிரி பார்த்து மாட்டினான். அறுபத்தொன்று. அதுதான் என் எண். மேலே எவ்வளவு இருந்திருக்கும் என்று நேகி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூக்கில் குழாயைச் சொருகினார்கள். காற்று உள்ளே போகப் போக அழுகை வந்தது, ஏன் அழுகிறேன் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. அர்த்தநாரி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து புருவத்தை ஆற்றுத் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தான், வேட்டி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தளர்ந்து கிடந்தது. "மாப்ள" என்றேன். திரும்பவில்லை. "மாப்ள, முடியல." பதினாலு வருஷமாக யாரையும் சொல்லவிடாத வார்த்தை, வாயில் சோற்றுப் பருக்கை மாதிரி லேசாக இருந்தது. திரும்பினான். "அந்தத் தொள அளவு, நாந்தான் தப்பா வாசிச்சுச் சொன்னேன். மேல அந்த வளைவுல, கல்லு வழுக்கலடா. நாந்தான்." அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, திறந்திருந்த கண்ணில் கோபமும் இல்லை, அன்பும் இல்லை. "தெரியும் மாமா" என்றான். "ரெண்டுந் தெரியும்." திட்டுவான் என்று காத்திருந்தேன். அடிப்பான் என்று காத்திருந்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவன் கையை நீட்டினான். "அந்தக் கம்பக் குடுங்க." பதினாலு வெட்டு விழுந்த கம்பு, பூண் நான் கடைந்தது. கொடுத்தேன். எழுந்து ஆற்றங்கரையை நோக்கிப் போனான், வேட்டி எட்டுகிற தூரம்தான் போக முடிந்தது, அங்கிருந்து ஓங்கி ஆற்றில் வீசினான். ஒரு தரம் தலைதூக்கிவிட்டுக் கம்பு நுரைக்குள் போய்விட்டது. நான் இடுப்பு முடிச்சில் கைவைத்தேன், அவிழ்த்துவிடலாம், இனி அவன் எனக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டாம் என்று. திரும்பி வந்தவன் என் விரலைத் தட்டிவிட்டான். "இருக்கட்டும்" என்றான். "இன்னும் எறக்கம் இருக்குது."